‘கரை, கரை’ என்று அம்மா கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய பக்கத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. வாழ்க்கையில் நான் எழுதிய பெரிய கட்டுரை, பள்ளிக்கூடத்தில் திருவிழாவைப் பற்றி எழுதிய ஒன்றரைப் பக்கம். அதன் கீழேயும் டீச்சர், ‘இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். இந்தத் தொடர் ஆரம்பித்து ஐந்தாறு வாரம் ஆகியும், பேனாவை எடுத்தால் யாரோ தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்ப்பது போலவே இருக்கிறது.

தறியைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்களாம். இந்த வாரம் பரிசலைப் பற்றி எழுதுகிறேன். தறி நடுவில் தானாக வந்துவிடும். எங்கள் வீட்டில் அது வராமல் எந்தப் பேச்சும் முடிந்ததில்லை.

சுற்றிக்கொண்டே இருந்தோம்

தாமல் ஏரி. காலை ஏழரை மணி வெயில். பரிசலுக்குள் இடது பக்கம் அம்மா, வலது பக்கம் நான். இரண்டு பேர் இடுப்பிலும் காற்றடித்த கார் டியூப். அம்மா கையில் துடுப்பு. என் கையில் மூங்கில் கழியில் பலகைத் துண்டை ஆணியடித்த ஏதோ ஒன்று.

பரிசல் போகவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு சுற்றில் கரைமேல் நிற்கும் பனைமரங்கள் வரும், அடுத்து மலை வரும், அடுத்து திரும்பவும் பனைமரங்கள்.

“இன்னாடி வசந்தி, ராட்டினத்துக்கு வந்த மாதிரி இருக்குது?” என்றாள் அம்மா.

“நீ நிறுத்தும்மா. நீ தள்ளுறதாலதான் சுத்துது.”

“நான் நிறுத்திட்டேன். நீதான் தள்ளிக்கினு இருக்கற.”

பார்த்தால் அப்படித்தான். எனக்குப் பராக்குப் பார்க்கிற புத்தி. நீர்க்காகம் ஒன்று முங்கி எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டே துடுப்பைப் போட்டிருக்கிறேன்.

மூன்று நான்கு கோடைக்கு முன்னால் நடந்தது இது. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை ஏரியை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. சித்திரை பிறந்தும் தண்ணீர் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது.

அம்மாவுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது

ஏரியில் மீன் பிடிக்கும் சாமுவேல் அண்ணன் வாரம் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு மொபெட்டில் மீன் கொண்டு வருவார். அம்மா கெண்டையின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி, “ஏரி எப்படி இருக்குதுப்பா?” என்று கேட்டாள்.

“கடல் மாதிரி கெடக்குதும்மா. ஒரு நாள் வாங்க, பரிசல்ல போலாம்.”

எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை அது. நாமும் ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விடுவோம். அம்மா மட்டும் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். “ஞாயித்துக்கெழம வரோம்” என்றாள்.

அம்மாவுக்கு அப்போது எழுபதை ஒட்டிய வயது. அதுவரை படகு, பரிசல் எதிலும் ஏறியதில்லை. சின்ன வயதில் கோயில் குளத்துத் தெப்பத்தைப் படிக்கட்டில் நின்று பார்த்ததோடு சரி. விளக்கு போட்டு, பூ சுற்றி, சாமி மூன்று சுற்று சுற்றி வரும். அம்மா தன் அப்பாவிடம், “சாமி மட்டுந்தான் போவணுமா?” என்று கேட்டு அங்கேயே அடி வாங்கினாளாம்.

“அன்னிக்கு வாங்குன அடிக்கு இன்னிக்காவது ஏறிப் பார்க்கணும்” என்பாள். “காலைத் தறிக் குழிக்குள்ள விட்டுக்கினே அம்பது வருசம் நெய்ஞ்சாச்சு. தண்ணி மேல உக்காந்தா எப்படி இருக்குதுன்னு பார்க்க வேணாமா?”

நெசவுக்காரர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அமாவாசை ஒன்றுதான் விடுமுறை. அதைச் சொல்லிப் பார்த்தேன். “கவர்மெண்டுக்காரனுக்கு மட்டுந்தான் ஞாயித்துக்கெழமையா?” என்று கேட்டுவிட்டுப் பட்டு நூலின் மேல் துணியைப் போட்டு மூடினாள்.

நாங்கள் போய் நின்றபோது சாமுவேல் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, நெசமாவே வந்துட்டீங்க?”

“நீதானப்பா வரச் சொன்னே?”

“சொன்னேன்...” என்று இழுத்தார். மனிதர் நல்லவர். டியூபை அவரே எங்கள் தலை வழியாக மாட்டிவிட்டார். நீளமான கழி ஒன்றைக் கொடுத்து, “மார் அளவு தண்ணிக்கு மேல போவக் கூடாது. கழிய ஊணிப் பார்த்துக்கினே போங்க. அந்த மதகுப் பக்கம் தலகூட வெக்காதீங்க. நான் ஜெபம் முடிஞ்சு வந்துடுறேன்” என்றார்.

அம்மா டியூபைத் தட்டிப் பார்த்து, “உளுந்து வடைக்கு நடுவுல உக்காந்த மாதிரி இருக்குது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குப் பரிசல் தேவைப்படாது. அன்று அவர் மீன் பிடிப்பதில்லை. அதனால் அந்தக் கோடை முழுக்க ஞாயிறு காலை பரிசல் எங்களுடையது என்று ஆகிவிட்டது.

ஆனி முடிவதற்குள்

நடுவில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. பெரிய சோகக் கதை ஒன்றும் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது, அவ்வளவுதான். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டுவேன். ஒரு வீட்டார் போகும்போது தரகரிடம், “பொண்ணுக்குப் பேச்சு வருமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தங்கை சுமதிக்கு முதலில் முடிந்தது. பிறகு அப்பா போனார். அதன் பிறகு யாரும் என்னைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

அந்த வருஷம் பங்குனியில் சுமதிதான் ஆரணியில் ஒருவர் இருக்கிறார் என்று ஆரம்பித்தாள். ரைஸ்மில்லில் வேலை. மனைவி தவறி எட்டு வருஷம். மகன் கல்யாணம் முடித்து வெளியூரில் இருக்கிறான்.

கோயில் மண்டபத்தில் பார்த்துக்கொண்டோம். தூண் ஓரமாக நின்றுகொண்டு அவர், “உங்களுக்கு இன்னாங்க புடிக்கும்?” என்று கேட்டார்.

“தெரியலீங்க” என்றேன்.

“எனக்குந்தாங்க” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, “அவசரமில்ல. ஆனி முடியறதுக்குள்ள சொன்னாப் போதும். வேணாம்னாலும் சொல்லிடுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்” என்றார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் சிக்கல். பிடிக்காவிட்டால் அன்றைக்கே தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன்.

நான் போய்விட்டால் அம்மா வீட்டில் தனி ஆள். ஆரணிக்கு வரச் சொன்னால் வரமாட்டாள். “பொண்ணு குடுத்த வீட்ல போய் நானும் உக்காந்துக்கவா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். தறியிலும் தனி ஆள். என் இடத்துக்கு வேறு ஒருவரைக் கூலிக்கு வைக்கலாம்தான். ஆனால் இருபது வருஷமாக அம்மாவின் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. நான் பதில் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. சுமதி போன் செய்தால், “அவ யோசிச்சுக்கினு இருக்கா” என்று அம்மாவே சொல்லி வைத்துவிடுவாள்.

பரிசல் ஓடக் கற்றுக்கொண்டது

இரண்டாவது ஞாயிறும் சுற்றினோம். மூன்றாவது ஞாயிறுதான் பரிசல் நகர்ந்தது. அது நகர்ந்த விதத்தைச் சொல்லத் தறிக்குள் ஒரு நிமிஷம் போய்வர வேண்டும்.

எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு போவதற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு ஓர் ஆள் போதாது. நடுவில் ஒருவர் நெய்ய, வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, தன் முறை வரும்போது கரையின் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். அப்பா இருந்தபோது நடுவில் அப்பா, வலது பக்கம் அம்மா. அப்பா போன பிறகு அம்மா நடுவுக்கு நகர்ந்தாள். வலது பக்கம் நான் வந்தேன்.

வலது பக்க ஆளுக்குத் தன் முறை தானாகவே தெரிய வேண்டும். யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் நான் பராக்குப் பார்க்கிறவள் ஆயிற்றே. அதனால் எங்கள் வீட்டில் மட்டும், என் முறை வரும்போதெல்லாம் அம்மா “கரை” என்பாள். நான் தள்ளுவேன். “கரை” என்பாள். தள்ளுவேன். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை என்று தெரியாது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று முதன்முதலில் பேசிய வார்த்தையே ‘கரை’தான்.

மூன்றாவது ஞாயிறு, சுற்றிச் சுற்றி அலுத்துப்போய் அம்மா துடுப்பை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத் தன்னை அறியாமல், “கரை” என்றாள்.

என் கை தானாக இழுத்தது.

“கரை.”

இழுத்தேன்.

பரிசல் நேராகப் போனது என்று சொல்லமாட்டேன். இடதுபக்கம் ஒரு நெளி, வலதுபக்கம் ஒரு நெளி. ஆனால் முன்னால் போனது. பனைமரங்கள் பின்னால் போயின. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். “ஏய், போவுதுடி! தறி போவுது பாரு!” என்றாள்.

ஏரி எங்களிடம் வந்தது

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரே குறி. ஏரியின் அந்தக் கோடி வரை போக வேண்டும். தண்ணீர் வந்து விழுகிற வாய்க்கால் பக்கம் ஒற்றை நாவல்மரம் தெரியும், அதுதான் எல்லை. ஒவ்வொரு ஞாயிறும் முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் போவோம். போன இடத்தில் நிற்கும் கருவேலங்கிளையில் அம்மா ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவிட்டு வருவாள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் துணி கட்டிய கிளை தண்ணீரைவிட்டு ஒரு முழம் மேலே நிற்கும். தண்ணீர் அவ்வளவு இறங்கியிருக்கும். நாங்கள் ஏரியில் போனதைவிட, ஏரி எங்களை நோக்கிச் சுருங்கி வந்ததுதான் அதிகம்.

பரிசலில் பேசினோமா என்றால், நிறையப் பேசினோம். சுமதியின் மாமியார், கரண்ட் கட், சினிமாவில் வருகிற பெண்கள் ஏன் வீட்டுக்குள் செருப்புப் போட்டிருக்கிறார்கள், எல்லாம் பேசினோம். ஆரணியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஒரு தடவை நான்தான் ஆரம்பித்தேன். “நான் இல்லாட்டி நீ இன்னாம்மா பண்ணுவே?”

அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “பாம்பு” என்றாள். நான் அலறிக் காலைத் தூக்கிக்கொண்டேன். பார்த்தால் தாமரைத் தண்டு. அதோடு பேச்சு போய்விட்டது. அது தண்டு என்று அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கடைசி ஞாயிறு

ஆனி மாதக் கடைசி வாரம். சாமுவேல் அண்ணன் முன்பே சொல்லிவிட்டார். “இந்த வாரத்தோட சரிம்மா. தண்ணி போதல. பரிசலுக்குத் தார் பூசி வேற ஏரிக்கு எடுத்துக்கினு போறேன்.”

அன்றைக்கு நாவல்மரம் வரை போனோம். உண்மையில் மரம் வரை போகவில்லை. ஐம்பது அடி முன்னாலேயே பரிசல் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மரத்துக்குக் கீழே நான்கு எருமைகள் படுத்திருந்தன. அவை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இவ்ளோதானா?” என்றாள் அம்மா.

“இவ்ளோதான்மா.”

“எருமை இருக்கும்னு யாரும் சொல்லலியே.”

அங்கேயே தூக்குவாளியைத் திறந்து தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். வெயிலில் சாதம் இதமாகச் சுட்டது. சேற்று வாசனையும் வறுவல் வாசனையும் கலந்து அடித்தன. அம்மா வாளியை ஏரித் தண்ணீரில் அலசிக்கொண்டே, “நல்லா இருந்துச்சு இல்ல?” என்றாள். சாதத்தைக் கேட்டாளா, கோடையைக் கேட்டாளா தெரியவில்லை. “நல்லா இருந்துச்சு” என்றேன்.

திரும்பி வந்து கல்படி ஓரம் சேர்ந்தோம். நான் முதலில் இறங்கினேன். கையை நீட்டினால் அம்மா பிடிக்கவில்லை. என் துடுப்பை எடுத்துப் படிமேல் வைத்தாள். தன் துடுப்பால் படியை ஒரு தள்ளு தள்ளினாள். பரிசல் விலகியது.

“எம்மா! இன்னா பண்றே?”

“நீ அங்கயே நில்லு. அதோ அந்தக் கல்லு வரைக்கும் போய்ட்டு வரேன்.”

“தனியாவா? எறங்கும்மா!”

“கழிய ஊணிப் பார்த்துட்டேன். இடுப்பளவுதான் இருக்குது. சும்மா கத்தாத, எல்லாரும் பார்க்கறாங்க.”

யாரும் பார்க்கவில்லை. கரையில் ஓர் ஆடுகூட இல்லை.

பரிசல் முதலில் ஒரு சுற்று சுற்றியது. அம்மாவின் முதுகு வந்தது, முகம் வந்தது, திரும்ப முதுகு வந்தது. அப்புறம் நிதானித்தாள். இடது பக்கம் ஓர் இழுப்பு. உடனே துடுப்பைத் தூக்கி வலது பக்கம் மாற்றி இன்னோர் இழுப்பு. வலது பக்கம் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவள் வாய், “கரை” என்றது.

இடது. “கரை.” வலது. இடது. “கரை.” வலது.

அவள் வலது பக்கம் யாரும் இல்லை. தனக்குத்தானே சொல்லித் தானே இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீருக்கு மேல் அந்தச் சத்தம் தெளிவாக வந்தது. பரிசல் நெளிந்து நெளிந்து கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அம்மாவுக்குக் கை சோர்ந்துவிட்டது போல. சத்தம் கொஞ்சம் பெரிதாயிற்று. “கரை! கரை!”

எனக்குப் பின்னால் மொபெட்டைப் போட்டுவிட்டு யாரோ ஓடி வந்தார்கள். சாமுவேல் அண்ணன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் பைபிள். பைபிளை என் கையில் திணித்துவிட்டு, “பயப்படாதீங்கம்மா, வந்துட்டேன்!” என்று கத்திக்கொண்டே தண்ணீரில் பாய்ந்தார்.

பாய்ந்தவர் எழுந்து நின்றார். தண்ணீர் அவர் இடுப்புக்கு இருந்தது. சட்டை முழுக்கச் சேறு. தோளில் ஒரு பாசிக்கொடி.

அம்மா துடுப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “இன்னாப்பா, சர்ச்சு விட்டு வந்து குளிக்கிற?”

“நீங்கதானம்மா கத்துனீங்க? கரை கரைன்னு? கரைக்குக் கொண்டு சேருன்னு கூப்புடுறீங்கன்னு நெனச்சேன்!”

“உன்ன எங்கப்பா கூப்ட்டேன்?”

“பின்ன யார?”

அம்மா தன் வலது பக்கத்தை ஒரு முறை பார்த்தாள். “தறி நெனப்புப்பா” என்றாள்.

நான் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரித்தேன்தான். ஆனால் அதற்கு முன்பே ஒன்றைக் கவனித்திருந்தேன். அவ்வளவு நேரமும் அம்மா “கரை” என்ற ஒவ்வொரு முறையும், படியில் நின்றுகொண்டிருந்த என் வலது கை கொஞ்சம் அசைந்துகொண்டே இருந்தது.

பஸ்ஸில்

சாமுவேல் அண்ணனின் சட்டையைத் துவைத்துத் தருகிறேன் என்று அம்மா பிடிவாதமாகக் கழற்றி வாங்கிக்கொண்டாள். அவர் பனியனோடு மொபெட்டில் போனார். நாங்கள் வேலூர் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். ஈரச் சட்டை தூக்குவாளிக்கு மேல் கிடந்தது. ஜன்னலோரம் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். “பார்த்த இல்ல? நீ இல்லாமயே போச்சு.”

“கோணலாப் போச்சு.”

“கோணலாத்தான் போச்சு. போச்சா இல்லையா?”

“போச்சு.” என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை. “அப்புறம் ஏன் கூப்ட்டே?”

அம்மா என் பக்கம் திரும்பினாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது.

“இருவது வருசம் கூப்ட்ட வாயி. நீ ஆரணியில இருந்தாலும் கூப்புடும், அமெரிக்காவுல இருந்தாலும் கூப்புடும். அது என் வாயி, என் பாடு. கூப்ட்டா வந்துடணும்னு சட்டமா இருக்குது?”

நான் ஈரச் சட்டையைத் திருப்பிப் போட்டேன்.

“உன் எடத்துக்கு வர்றவ எவளோ, அவளையும் கரைன்னுதான் கூப்புடப் போறேன். அவ பேரா முக்கியம்?” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் ஊருக்குள் வரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. எனக்கும் முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் போன வைக்கோல் லாரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு ஆரணிக்குப் போன் செய்து, எனக்குச் சம்மதம் என்று சொன்னேன். அவர், “சாப்ட்டீங்களா?” என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன்.